உறைபனிக் காலத்தில் புறக்கடைக் கோழிகள்

(மலைப்பகுதி உழவர் பயிற்சி ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் படித்தவன் கோழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான எண்ணந்தான். கோழிக்கு நோய் வந்தால் என்னிடம் வரவேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். நான் பேசப்போவது குளிரைப் பற்றி. உருளைக்கிழங்குப் பாத்தியில் பனி எங்கே விழும், எங்கே விழாது என்று பார்ப்பது எங்கள் துறையின் வேலை. கோழிக் கொட்டகையின் மேல் விழுவதும் அதே பனிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த விஷயத்தில் நான் ஒரு முறை தவறான யோசனை சொல்லி, ஒரு குடும்பத்துக்கு நட்டம் உண்டாக்கியவன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுவதை நீங்கள் அறிவீர்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் இருக்கும் இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும் அன்று, சற்று மேட்டில் இருக்கும் தோட்டத்தில் பனியே இருப்பதில்லை. ஒரே தோட்டத்தில் மேல் பாத்திச் செடி பச்சையாக நிற்க, கீழ்ப் பாத்திச் செடி கருகிப் போனதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இதையே கோழிக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்கு மேலே நல்ல நிலமெல்லாம் காரட்டுக்கும் கோசுக்கும் போய்விடுகிறது. கோழிக் கொட்டகைக்கு மிஞ்சுவது சரிவின் அடியில் இருக்கும் ஓடைக்கரைப் பள்ளம். அதுதான் இரவில் குளிர் வந்து தேங்கும் இடம். இருபது முப்பது அடி மேலே தள்ளிக் கட்டினால், வேறு எந்தச் செலவும் இல்லாமல் இரண்டு மூன்று டிகிரி குளிர் குறையும். ஏற்கெனவே பள்ளத்தில் கட்டிவிட்டவர்கள் கொட்டகையின் மேல்புறத்தில் நெருக்கமாக ஒரு வேலியோ, விறகு அடுக்கோ வைத்து, இறங்கி வரும் குளிர்காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுகிற அதே முறைதான்.

சமவெளியில் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டச் சொல்வார்கள். அங்கே அது வெயிலைத் தடுப்பதற்காக. மலையிலும் அப்படியே கட்டுங்கள். ஆனால் இங்கே வெயிலை வாங்குவதற்காக. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்குப் பக்கத்தைக் கம்பிவலை போட்டுத் திறந்து வையுங்கள். பகல் முழுவதும் வெயில் உள்ளே விழும். வடக்கையும் கிழக்கையும் பலகையாலோ மண் சுவராலோ அடைத்துவிடுங்கள். வாடைக்காற்று வரும் பக்கம் அதுதான். எல்லாப் பள்ளத்தாக்கிலும் காற்று ஒரே மாதிரி வருவதில்லை. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு, கோழி உட்காரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். புகை நேரே மேலே போனால் நல்லது. படுத்துக்கொண்டு ஓடினால், எந்த இடுக்கிலிருந்து காற்று வருகிறதோ அந்த இடுக்கை அடையுங்கள். ஊதுபத்தியைக் கூளத்தில் போட்டுவிடாதீர்கள்.

இனி, கோழிக்கு எவ்வளவு குளிர் தாங்கும் என்பதைப் பார்ப்போம். கோழியின் உடற்சூடு 41 டிகிரி செல்சியசுக்கு மேல். நம்மைவிட நான்கு டிகிரிக்கும் அதிகம். அது போர்த்தியிருக்கும் இறகு நம்முடைய கம்பளியைவிட உயர்ந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும் கோழி, இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் அதன் போர்வை. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பெட்டைக் கோழி ஏறக்குறைய 10 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விடுகிறது. பத்துக் கோழிகள் நெருங்கி உட்கார்ந்தால் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிற மாதிரி. ஆகவே நன்றாக இறகு முளைத்து, வயிறு நிறைந்து, நனையாமல், நேர் காற்றுப் படாமல் இருக்கும் வளர்ந்த கோழி, நம்முடைய உறைபனி இரவைத் தாங்கிவிடும். அதற்கு விளக்கோ அடுப்போ தேவையில்லை.

அப்படியானால் பனிக்காலத்தில் கோழிகள் ஏன் சாகின்றன? பெரும்பாலும் குளிரால் அல்ல, ஈரத்தால்.

இங்கேதான் என் கதை வருகிறது. நான் மலைக்கு மாற்றலாகி வந்த முதல் பனிக்காலம். உருளைக்கிழங்கு வயலைப் பார்க்கப் போன இடத்தில் ஓர் அம்மா தன் கோழிக் கொட்டகையைக் காட்டினார். பதினான்கு கோழிகள். முட்டைக் காசில்தான் பேரனுக்குப் பள்ளிக்கூடச் செலவு. "ராத்திரி ரொம்பப் பனி சார், என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், நாற்றங்காலுக்குச் சொல்கிற யோசனையைச் சொன்னேன். பாலித்தீன் தாள் வாங்கி நாலு பக்கமும் ஓர் இடுக்கு விடாமல் மூடிவிடுங்கள் என்றேன். அந்த அம்மா கடன் சொல்லித் தாள் வாங்கி, நான் சொன்னதைவிட நேர்த்தியாக மூடினார்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கொட்டகைக்குள் தலையை நீட்டியதும் கண் எரிந்தது. தகரக் கூரையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூளம் சேறாகிக் கிடந்தது. நான்கு கோழிகள் செத்துவிட்டன. மீதியில் பாதிக்குக் கண் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. முட்டை அறவே நின்றுபோயிருந்தது. "நீங்க சொன்ன மாதிரிதான் சார் அடைச்சேன்" என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தான் ஏதோ தவறாகச் செய்துவிட்டோமோ என்ற கவலைதான் இருந்தது. நான் அழைத்து வந்த கால்நடை மருத்துவர் முதலில் செய்த காரியம், மேல்பகுதித் தாளைக் கத்தியால் கிழித்தது. மருந்துப் பெட்டியை அதற்குப் பிறகுதான் திறந்தார்.

என்ன நடந்தது? பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். முட்டையில் போவது கொஞ்சம். மற்றதெல்லாம் மூச்சிலும் எச்சத்திலும் வெளியே வர வேண்டும். எச்சத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். இரவு பன்னிரண்டு மணி நேரம் கோழி கொட்டகைக்குள் இருக்கிறது. அந்த ஈரம் போக வழியில்லாவிட்டால் மேலே ஏறிக் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகிக் கோழியின் மேலேயே விழுகிறது. இறகு நனைந்தால் உள்ளே இருக்கும் காற்றுப் போர்வை போய்விடும். நனைந்த கோழிக்கு 5 டிகிரியும் கொடிய குளிர்தான். ஈரக் கூளத்தில் எச்சம் அழுகி அம்மோனியா வாயு கிளம்புகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் சளி நோய்க் கிருமி சுலபமாகப் புகுந்துவிடுகிறது.

எனவே அடைக்க வேண்டியது எது, திறக்க வேண்டியது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். கோழியின் தலை உயரம் வரை அடையுங்கள். கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு ஓர் அடியாவது மேலே, காற்று வீசாத பக்கமாக ஒரு சாண் அகலத்துக்கு நீளமாகத் திறந்து வையுங்கள். கம்பிவலை கட்டாயம். மரநாய்க்கு ஒரு சாண் என்பது பெரிய வாசல். கீழே காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று அடைபடக் கூடாது. காலையில் கொட்டகையைத் திறந்ததும் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. கண்ணில் உறுத்தினால் திறப்பு போதவில்லை என்று பொருள்.

தகரக் கூரை போட்டவர்கள் அதற்கு அடியில் ஒரு பொய்க்கூரை அமைக்க வேண்டும். மூங்கில் கழிகளைப் பரப்பி, அதன்மேல் காய்ந்த பெரணித் தழையோ வைக்கோலோ நாலு விரற்கடை கனத்துக்குப் போட்டால் போதும். இளந்தேயிலைச் செடியைப் பெரணியால் மூடிப் பனியிலிருந்து காப்பது நம் தோட்டங்களில் பழைய வழக்கம். அதே பெரணி இங்கேயும் உதவும். ஈரம் தழையின் வழியே மேலே போய்விடும். தகரத்தில் துளிர்க்கும் தண்ணீரைத் தழை வாங்கிக்கொள்ளும். பனிக்காலம் முடிந்ததும் தழையை எடுத்து எருக்குழியில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எலி குடியேறும்.

தரையில் ஆழ்கூளம் போடுவது நல்லது. சமவெளியில் நெல் உமியும் கடலைப் பொட்டும் போடுவார்கள். நமக்கு அவை மேலே வந்து சேர்வதற்குள் லாரி வாடகை அதிகமாகிவிடும். மர அறுவை மில்லில் கிடைக்கும் இழைப்புச் சுருள் நமக்கு ஏற்றது. நைசான மரத்தூள் மட்டும் வேண்டாம்; தூசி பறந்து கோழிக்கு இருமல் வரும். ஆறு அங்குலக் கனத்துக்குப் போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி கம்பையோ சோளத்தையோ மாலையில் கூளத்தின் மேல் வீசினால் கோழியே கிளறிவிடும், கூலி மிச்சம். குடிதண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். நன்றாகப் பராமரித்த கூளம் உள்ளுக்குள் மெல்ல மக்கி, தானாகவே கொஞ்சம் சூடு கொடுக்கும். கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

கோழி உட்காரும் கட்டையை உருண்டைக் கழியாகப் போடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலச் சட்டத்தை, நான்கு அங்குலப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கையாகப் போடுங்கள். பாதம் தட்டையாகப் பதிந்தால் மார்பு இறகு விரல்களை மூடிக்கொள்ளும். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குல நீளம் போதும். நெருங்கி உட்காரட்டும். ஐந்தாறு கோழிகளுக்குப் பெரிய கொட்டகை கட்டியவர்கள் உள்ளேயே ஒரு மூலையில் தாழ்வாக ஒரு படுக்கைப் பெட்டி அமைத்துவிடலாம். அவற்றின் சூடு அந்தப் பெரிய இடத்தை நிரப்பப் போதாது.

கொண்டையில் பனிக்கடி வருமா என்று பலர் கேட்கிறீர்கள். காஷ்மீர், லடாக் போன்ற இடங்களில் அது பெரிய தொல்லை. நம் மலையில், கொட்டகைக்குள் ஈரம் இல்லாவிட்டால் அபூர்வந்தான். பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களுக்கு ஆபத்து அதிகம். சிறு கொண்டையுள்ள அசீலுக்குக் குறைவு. கொண்டை நுனி வெளிறிப் பிறகு கறுத்தால், தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. அதன் போக்கில் விடுங்கள். கோழி வாங்கும்போதே இதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். கழுத்தில் இறகில்லாத மொட்டைக் கழுத்துக் கோழி சமவெளி வெயிலுக்கு நல்லது. மலைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். இறகு உதிர்க்கும் பருவத்தில் இருக்கும் கோழியையும் பனிக்கு முன்னால் விலைக்கு வாங்க வேண்டாம்.

தீவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முட்டையிடும் உயர் இனக் கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். குளிர்காலத்தில் அதற்குமேல் கேட்கும், கொடுங்கள். உடலைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே அது செலவாகிறது. அடையும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக உடைத்த மக்காச்சோளம் ஒரு பிடி கொடுத்தால், இரவெல்லாம் இரைப்பையில் அரைந்துகொண்டிருக்கும். அந்தச் செரிமானமே சூடு. ஆனால் முட்டைத் தீவனத்துக்குப் பதிலாக மக்காச்சோளத்தையே போட்டால் புரதம் குறைந்து முட்டையும் குறையும்.

தண்ணீர்தான் பலரும் மறக்கும் விஷயம். உறைபனி விழுந்த காலையில் வெளியே வைத்த பாத்திரத்தில் மேலே கண்ணாடி போல ஏடு படிந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோழி தீவனத்தையும் தொடாது. இரவில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் கைபொறுக்கும் சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். நமக்குக் காப்பி போடும்போது ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக வைத்தால் ஆயிற்று.

இதுவரை சொன்னது வளர்ந்த கோழிக்கு. குஞ்சுகளின் கதையே வேறு. குஞ்சுக்கு இறகு இல்லை, பஞ்சு ரோமந்தான். தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு முதல் சில வாரங்களுக்குக் கிடையாது. தாய்க்கோழி இருந்தால் கவலையில்லை. ஆனால் பனிக்காலத்தில் அடை வைப்பவர்கள் ஆசைப்பட்டுப் பதினைந்து முட்டை வைக்காதீர்கள். எட்டு, பத்து போதும். ஓரத்து முட்டை இறகுக்கு வெளியே போய்க் குளிர்ந்தால், மறுநாள் அது நடுவே வந்து வேறொன்று ஓரத்துக்குப் போகும். கடைசியில் எல்லாமே கெட்டுப்போகும்.

வனராஜா, கிரிராஜா, நந்தனம் போன்ற குஞ்சுகளை ஒருநாள் வயதில் வாங்கி வளர்ப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி இருக்க வேண்டும். வாரம் மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். சமவெளியில் மூன்று நான்கு வாரத்தில் நிறுத்திவிடும் செயற்கைச் சூட்டை இங்கே ஆறு வாரம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். குஞ்சுக்கு 2 வாட் என்பது சமவெளிக் கணக்கு. உதகைக் குளிரில் அது போதாது. இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, இந்த வேலைக்குப் போதுமான சூடு தராது. இதை அறியாமல் குஞ்சுகளை இழந்தவர்கள் உண்டு. அகச்சிவப்பு பல்பு, பீங்கான் வெப்பக் குமிழ், எரிவாயு புரூடர் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பல்பைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள், மின்கம்பியில் தொங்கவிடாதீர்கள். கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். குஞ்சு வருவதற்கு முதல் நாளே சூட்டைப் போட்டுக் கூளத்தைக் காய வைத்துவிடுங்கள்.

வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கீச்சிட்டால் குளிர். விலகி ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் காற்று வருகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் தூங்கப் போகலாம்.

மின்சாரம் போகும் இரவுக்கு முன்னேற்பாடு வேண்டும். பழைய பழப்பெட்டியில் நாலு பக்கமும் வைக்கோலைத் திணித்து, நடுவில் குஞ்சுகள் நெருங்கி உட்காரும் அளவுக்குக் குழி விட்டு, மேலே துளை போட்ட சாக்கைத் தளர்வாகப் போடுங்கள். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவே வைத்துவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் சமாளிக்கலாம். மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது. மூலையில் நெருக்கிக்கொண்டுதான் குஞ்சுகள் நசுங்கிச் சாகின்றன.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கரிச் சட்டியை மூடிய கொட்டகைக்குள் வைக்காதீர்கள். புகை இல்லாத கங்குதானே என்று நினைக்கலாம். அந்தக் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிர் காயக் கரி மூட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்த மனிதர்களே காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். மலை ஊர்களில் இது பல முறை நடந்திருக்கிறது. குஞ்சுகளைக் காப்பதற்காகக் கரிச் சட்டியோடு அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதே அறையில் குழந்தைகளையும் படுக்க வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். குஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவதானால் வெந்நீர் பாட்டில் போதும்.

இராணிக்கெட் தடுப்பூசியைப் பனிக்காலம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். குளிரில் வாடிய கோழி நோய்க்குச் சுலபமாக இடம் கொடுக்கும். கால அட்டவணையை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை குறைகிறதே என்பது அடுத்த கேள்வி. அதற்குக் குளிரைவிட வெளிச்சமே பெரிய காரணம். முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். மார்கழியில் நமக்குப் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரம்தான். உயர் இனக் கோழி வைத்திருப்பவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிடலாம். மாலையில் போட்டால், திடீரென்று அணைக்கும்போது கோழி கட்டையில் ஏறத் தெரியாமல் கீழேயே குளிரில் கிடக்கும். நாட்டுக்கோழிக்கு இந்தச் செலவு வேண்டாம். அது தன் கணக்குப்படி இட்டு, தன் கணக்குப்படி அடைக்கு உட்காரும்.

அந்த அம்மாவின் கொட்டகையைப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் திருத்தினோம். தெற்கே கம்பிவலை, மேலே பெரணிப் பரப்பு, கூரையடியில் ஒரு சாண் திறப்பு. மிஞ்சிய பத்துக் கோழிகளில் ஒன்பது தேறின. முட்டை திரும்பி வர மாசி மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதப் பள்ளிச் செலவுக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக, என் துறைக்குச் சேர்ந்த ஒரு செய்தி. பனிக்காலம் முடிந்து மார்ச்சில் அள்ளும் கூளத்தை வீணாக்காதீர்கள். நன்கு மக்கிய ஆழ்கூள எருவில் ஏறக்குறைய 3 சதம் தழைச்சத்தும், 2 சதம் மணிச்சத்தும், 2 சதம் சாம்பல்சத்தும் உண்டு. அள்ளியதை அப்படியே உருளைக்கிழங்குப் பாரில் போட்டால் விதைக்கிழங்கு வெந்துபோகும். நிழலில் குவித்து, ஈரம் காட்டி, மண் பூசி இரண்டு மாதம் மக்க விடுங்கள். ஏப்ரல் நடவுக்கு வேண்டுமானால் பிப்ரவரி தொடக்கத்திலேயே பாதிக் கூளத்தை மாற்றிக் குவித்துவிட வேண்டும். மீதிப் பாதியைக் கோழிக்கு அடியில் விட்டுவையுங்கள். பிப்ரவரியிலும் பனி விழும்.